பக்கத்துப் பாடசாலைகள் எதைப் பகிரலாம்? – வாசகர் கேள்வி பதில்

வன்னியின் சிறிய பாடசாலைகள் ஒவ்வொன்றும் தனியே போராடுவதை விட்டு, அயலிலுள்ள பாடசாலைகளுடன் கொத்தணியாகச் சேர்ந்து இயங்கினால் மட்டுமே நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இடையிலுள்ள கல்வி இடைவெளி குறையும் என்று சென்ற இதழில் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, எழுதியவர்களின் பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எமது பாடசாலை தரம் 11 வரை வகுப்புகள் உள்ள சிறிய பாடசாலை. நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்றை எமக்குச் சகோதரப் பாடசாலையாக இணைத்தார்கள். அவர்கள் ஒருமுறை பேருந்தில் வந்தார்கள், கொப்பியும் புத்தகப்பையும் தந்தார்கள், எமது பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆடினார்கள், படம் எடுத்தார்கள். அதன் பிறகு தொடர்பு இல்லை. நீங்கள் சொல்லும் கூட்டுச் செயற்பாடு இதுதானா?
– ஓர் அதிபர், துணுக்காய்

பதில்: இல்லை, அதிபர் அவர்களே. வந்தவர்களின் மனம் நல்லதாக இருக்கலாம்; ஆனால் உங்கள் பாடசாலையின் குறை கொப்பியில் இல்லை. இலங்கையில் 1980ஆம் ஆண்டிலிருந்து பாடநூல்களும், 1993ஆம் ஆண்டிலிருந்து சீருடைத் துணியும் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பொருள்களில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஓரளவு குறைந்துவிட்டது. குறையாதது, ஒரு பாடத்தை ஆண்டு முழுவதும் தொடர்ந்து கற்பிக்க ஆள் இருப்பதும் இல்லாதிருப்பதுமான வேறுபாடே.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். எமது நாட்டின் அரச பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி; கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி; தரம் 11 வரை உள்ளவை வகை 2; ஆரம்ப வகுப்புகளை மையமாகக் கொண்டவை வகை 3. ஆய்வுகூடம், நூலகம், பழைய மாணவர் பலம், ஊடக வெளிச்சம் ஆகியவை முதல் வகையிடம் குவிகின்றன. ஆசிரியர் ஆளணியோ மாணவர் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஆகவே பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் குறைகிறார்கள். ஆசிரியர் குறையக் குறைய, வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை வேறிடம் கொண்டுபோகிறார்கள். இந்தச் சுழலைத் தனியொரு அதிபரால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நிறுத்த முடியாது. சேர்ந்து இயங்குவது பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான். பெரிய பாடசாலையின் கருணையை நாடுவதற்காக அல்ல.

கொத்தணி என்பது எமக்குப் புதியதும் அல்ல. 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை, அயற்பாடசாலைகளை ஒரு மூலப் பாடசாலையைச் சுற்றி இணைத்து, வளங்களைப் பொதுவாக்கும் கொத்தணி முறையை முன்வைத்தது. அதற்கும் முன்னதாக, இந்தியாவில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணைக்குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சூழ்ந்த தொடக்கப் பள்ளிகளையும் ஒரே வளாகமாகக் கருதும் யோசனையைச் சொல்லியிருந்தது. இங்கே கோட்டக் கல்வி அலுவலகங்கள் வலுப்பெற்ற பின் கொத்தணி அதிபரின் பொறுப்பு தேய்ந்து போயிற்று. வன்னியிலோ போரும் இடப்பெயர்வும் பாடசாலைகளை மரநிழல்களுக்கும் கொட்டில்களுக்கும் துரத்திய காலத்தில், ஒரே கட்டடத்தில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பாடசாலைகள் இயங்கின. 2009இன் பின் செட்டிகுளத்து முகாம்களில் பல ஊர்களின் ஆசிரியர்கள் ஒரே கூடாரத்தில் நின்று கற்பித்தார்கள். சேர்ந்து இயங்கத் தெரியாத மக்கள் அல்லர் நாம். மீள்குடியேற்றத்தின் பின் ஒவ்வொரு பாடசாலைக்கும் அதனதன் மதிலும் பெயர்ப்பலகையும் வந்ததும், அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

நீங்கள் இனிக் கேட்கவேண்டியது பொருளை அல்ல, நேரத்தை. தொலைவிலுள்ள புகழ்பெற்ற கல்லூரியை விட, பேருந்தில் அரை மணித்தியாலத்தில் சேரக்கூடிய 1ஏபி பாடசாலையும், உங்களைப் போன்ற இரண்டு மூன்று சிறிய பாடசாலைகளுமே உங்களுக்கு உண்மையான துணை. அவர்களுடன் முதலில் செய்யக்கூடியது, தரம் 9, 10, 11 கணித, விஞ்ஞானத் தவணைப் பரீட்சைத் தாள்களைச் சேர்ந்து தயாரித்து, சேர்ந்து திருத்துவது. இதற்குச் செலவு மிகக் குறைவு. பயன் மிகப் பெரிது. தனிப் பாடசாலையில் ஒரேயொரு கணித ஆசிரியர் தம் மாணவர் எல்லாரும் அடைப்புக்குறிக்கு முன்னுள்ள சயக் குறியை மறந்துவிடுகிறார்கள் என்று கண்டால், அது பிள்ளைகளின் கவனயீனம் என்றே எண்ணுவார். நான்கு பாடசாலைகளின் விடைத்தாள்களை ஒரே மேசையில் பரப்பும்போதுதான், ஒரு பாடசாலையில் அந்தப் பிழை அரிதாக இருப்பதையும், அங்கே அந்தப் பாடம் வேறுவிதமாகக் கற்பிக்கப்பட்டதையும் அவர் காண்பார். அப்படிக் கற்பித்தவர் பெரிய பாடசாலையின் ஆசிரியராகத்தான் இருப்பார் என்ற கட்டாயமும் இல்லை. சிறிய பாடசாலையில் ஒரே வேளையில் இரண்டு தரங்களைக் கவனித்துப் பழகிய ஆசிரியையிடம், நாற்பது பிள்ளைகளுக்கு விரிவுரை செய்து பழகியவர் கற்கவேண்டியது நிறைய உண்டு.

அடுத்து, ஒரு பக்க உடன்பாடு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கிழமையில் உங்கள் தரம் 10, 11 மாணவர் அவர்களது ஆய்வுகூடத்துக்குச் செல்வது, பயணச் செலவை எந்தச் சங்கம் ஏற்பது, பிள்ளைகளுடன் யார் செல்வது, பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்பன அதில் இருக்கவேண்டும். இரண்டு பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகங்களிலும் அதைப் பதிந்து, கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதிபர்கள் இருவரும் நண்பர்களாக இருப்பதால் மட்டும் நடக்கும் கூட்டு, ஒருவருக்கு இடமாற்றம் வந்த மறுநாளே நின்றுவிடும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் கிளிநொச்சி மாவட்டத்துக்கு வந்து கணிதம் கற்பிக்கிறேன். இப்போது கொத்தணி என்று சொல்லி, வாரத்தில் இரண்டு நாள் இன்னொரு பாடசாலைக்கும் போகச் சொல்கிறார்கள். இரண்டு அதிபர், இரண்டு நேரசூசி, இரண்டு பக்கமும் குறை கேட்கவேண்டும். நான் மறுத்தால் அது தவறா?
– ஓர் ஆசிரியை, பரந்தன்

பதில்: கணிதத்தைப் பொறுத்தவரை உங்கள் தயக்கம் நியாயமானது, ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது என்று வைத்துக்கொள்வோம். தரம் 6 முதல் 11 வரை தரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் உள்ள மிகச் சிறிய பாடசாலையிலும் ஆறு வகுப்புகள் உண்டு. ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஐந்து கணிதப் பாடவேளை என்று வைத்துக்கொண்டால், முப்பது பாடவேளைகள் வந்துவிடும். அதாவது, பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும் அங்கே கணிதத்துக்கு ஒரு முழு ஆசிரியர் வேண்டும். ஒருவரை இரண்டாகப் பிரித்தால், இரண்டு பாடசாலைகளும் அரைகுறைக் கணிதத்தோடு நிற்கும். கணிதம் நாள் தவறாது செய்யவேண்டிய பாடம். திங்களும் செவ்வாயும் கற்று, அடுத்த திங்கள் வரை காத்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவார்.

கணிதத்தில் கைவைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களுக்குத் தோற்றும் மாணவர் உயர்தரம் செல்வதற்கு, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் பெறவேண்டும். மற்றப் பாடங்களில் கெட்டிக்காரியாக இருந்தும் கணிதத்தால் கதவடைபட்ட பிள்ளைகளை வன்னியின் எந்த ஊரிலும் காணலாம்.

பகிரக்கூடிய ஆசிரியர்கள் வேறு. சங்கீதம், நடனம், சித்திரம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், உடற்கல்வி ஆகியவற்றுக்கு ஒரு சிறிய பாடசாலையில் சில பாடவேளைகளே தேவைப்படும். ஆகவே இவற்றில் ஒருவருக்கு முழு நேரப் பதவி கிடைப்பதில்லை. பாடமே இல்லாமற் போகிறது, அல்லது வேறு பாட ஆசிரியர் ஒப்புக்கு நேரத்தைப் போக்குகிறார். கொத்தணியின் மூன்று பாடசாலைகளுக்கு ஒரு சங்கீத ஆசிரியை என்றால், எல்லாருக்கும் நியாயம் கிடைக்கும். அப்படிப் பகிரும்போதும் சில விதிகள் வேண்டும். ஒரு நாளைப் பாதியாக வெட்டி, இடைவேளையில் ஆசிரியரை வீதியில் பேருந்துக்கு நிறுத்தக் கூடாது. ஒரு நாள் ஒரு பாடசாலை என்று முழு நாளாகக் கொடுக்கவேண்டும். விடுமுறை, சம்பள ஏற்றம், மதிப்பீடு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிபர் ஒருவராகவே இருக்கவேண்டும். வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவதற்குச் சாட்டாகப் பகிர்வைப் பயன்படுத்தக் கூடாது, இது அதிகாரிகளுக்கு.

ஆகவே நீங்கள் வாயால் மறுக்காமல், உங்கள் வகுப்புகளின் பாடவேளைக் கணக்கை எழுத்தில் வைத்து, கணித வெற்றிடத்தை வலயம் நிரந்தரமாக நிரப்பவேண்டும் என்றும், அதுவரை சேர்ந்து வினாத்தாள் தயாரிக்கவும் சனிக்கிழமை மீட்டல் வகுப்பில் பங்குகொள்ளவும் ஆயத்தம் என்றும் தெரிவியுங்கள். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி கற்பிக்கிறார்கள் என்று ஊரில் குறை சொல்வது மிகச் சுலபம். 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின் பயணம் இலகுவானது உண்மை. ஆனால் நிலையத்தில் இறங்கிய பிறகு உட்கிராமத்துக்குப் போகும் வழியும், தங்க விரும்புகிறவருக்கு ஒரு பாதுகாப்பான விடுதியும் இன்னும் பல இடங்களில் இல்லை. கொத்தணியாகச் சேர்ந்து கேட்கக்கூடிய நல்ல பொருள் ஒன்று உண்டென்றால், அது மூன்று பாடசாலைகளுக்கும் பொதுவான ஓர் ஆசிரியர் விடுதி.

கேள்வி: என் மகள் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். நகரப் பாடசாலையில் இடம் கிடைக்கும். ஊர்ப் பாடசாலை அதிபரோ, "நல்ல பிள்ளைகளை எல்லாம் கொண்டுபோனால் நாங்கள் பாடசாலையை மூடத்தான் வேண்டும்" என்று மன்றாடுகிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, ஒரு பாடசாலையைக் காப்பாற்றும் சுமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் வைக்க முடியாது. அதிபரின் கவலை உண்மையானது. ஆனால் அதற்கு விடை சொல்லவேண்டியவர் நீங்கள் அல்லர். அதே வேளை, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை பாடசாலை மாறியே ஆகவேண்டும் என்ற விதியும் இல்லை. ஊர்ப் பாடசாலையில் தரம் 6இற்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். நகரத்துக்குப் போவதானால், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் காலைப் பேருந்தில் பிள்ளை நிற்கும் நேரம், மழைக்காலத்தில் அது தவறும் நாள்கள், விடுதியானால் பிள்ளையைக் கவனிப்பவர் ஆகியவற்றைக் கணக்கில் எடுங்கள். தினமும் மூன்று மணித்தியாலம் பயணத்தில் கழியும் என்றால், பெரிய பாடசாலையின் பெயர் அந்த இழப்பை ஈடுசெய்யும் என்று எமக்குத் தோன்றவில்லை.

உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய பாடசாலைகளிடம் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. கொத்தணிக் கூட்டங்களில் பங்குகொண்டு, வழிகாட்டிப் பாடசாலை என்ற பெயரையும் பெற்று, அடுத்த சனவரியில் அதே சிறிய பாடசாலைகளின் முதல் ஐந்து பிள்ளைகளை அழைத்துச் செல்வது கூட்டு அல்ல. பயிர் விளையும் வரை காத்திருந்து கதிரை மட்டும் கொய்து செல்வது. கூட்டின் உண்மையை அளக்க எமக்கு ஓர் அளவுகோல் போதும்: கொத்தணி தொடங்கிய பின் சிறிய பாடசாலையின் தரம் 6இல் பிள்ளைகள் கூடினார்களா, குறைந்தார்களா? பெரிய பாடசாலை, தரம் 6 முதல் 11 வரை இடையில் கொத்தணிப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதில்லை என்றும், சாதாரண தரத்தில் தகுதி பெற்று வருகிற பிள்ளைகளுக்குத் தரம் 12இல் விரும்பிய பிரிவில் இடம் உறுதி என்றும் எழுத்தில் தந்தால், உங்களைப் போன்ற தாய்மார் பலர் பிள்ளையை ஊரிலேயே வைத்திருக்கத் துணிவார்கள். அந்த உறுதியைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

கேள்வி: எங்கள் கல்லூரியின் நல்ல ஆசிரியரைக் கிராமத்துக்கு அனுப்பினால் எங்கள் பிள்ளைகளுக்கு நட்டம் இல்லையா? சமத்துவம் என்று சொல்லி ஒரு பக்கத்தைக் குறைக்கலாமா?
– ஒரு தந்தை, வவுனியா நகரம்

பதில்: சமத்துவம் என்ற பெயரில் உங்கள் பிள்ளையின் பாடவேளையை வெறுமையாக விட்டால் அது நிச்சயம் நட்டம், அப்படிச் செய்யும் கூட்டை நாமும் ஆதரிக்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றுவட்டத்துக் கிராமப் பாடசாலைகள் நம்பிக்கை இழக்க இழக்க, நகர வகுப்புகளில் மேசைகள் கூடுகின்றன. கிராமத்தில் பாடம் நடந்தால், நகரத்தில் இடம் விரியும்.

கேள்வி: பாடசாலைகள் சேர்ந்து இயங்கிச் சமமின்மையைக் குறைத்ததற்கு உலகில் உண்மையான உதாரணம் உண்டா, அல்லது இது கருத்தரங்குப் பேச்சா?
– ஒரு வாசகர், முழங்காவில்

பதில்: உண்டு, ஆனால் ஒவ்வொன்றையும் அதன் சூழலோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

அதிகம் பேசப்படுவது இலண்டன் நகரின் அனுபவம். இலண்டனின் உட்பகுதி அரச பாடசாலைகள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பின்தங்கியவற்றுள் அடங்கின. 2003ஆம் ஆண்டில் தொடங்கி 2011 வரை நடந்த 'இலண்டன் சலேஞ்ச்' என்ற அரச வேலைத்திட்டத்தில், தடுமாறும் பாடசாலையின் அதிபருக்கு வெற்றிகரமான பாடசாலையின் அனுபவமுள்ள அதிபர் ஒருவர் துணையாக்கப்பட்டார். மாணவரின் வறுமை நிலை, முன்னைய அடைவு ஆகியவற்றில் ஒத்த பாடசாலைகளை ஒரு குடும்பமாகக் கொண்டு புள்ளிவிபரங்கள் வெளியிடப்பட்டன. இதில்தான் நுட்பம் இருக்கிறது. "அவர்களிடம் வசதியான பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்களிடம் இல்லை" என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. தன்னைப் போன்றதே ஆன இன்னொரு பாடசாலை நன்றாகச் செய்வதை அதிபர் கண்டார், போய்ப் பார்க்கவும் முடிந்தது. அந்த ஆண்டுகளில் இலண்டன் பாடசாலைகளின் பெறுபேறு நாட்டின் சராசரியைத் தாண்டியது. இந்த உயர்வு முழுவதும் அத்திட்டத்தால் வந்ததல்ல என்றும், குடியேறிய சமூகங்களின் பிள்ளைகள் காட்டிய ஊக்கமும் ஆரம்பப் பாடசாலைகள் அதற்கு முன்பே முன்னேறியிருந்ததும் காரணங்கள் என்றும் வாதிடும் ஆய்வாளர்கள் உள்ளனர். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இலண்டனில் பணமும் பேருந்தும் ஆசிரியர்களும் இருந்தன என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சீனாவின் சாங்காய் நகரில், 2007ஆம் ஆண்டிலிருந்து, வலுவான பாடசாலையோ கல்வி நிறுவனமோ ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நலிந்த பாடசாலையின் நிருவாகத்தை ஒப்பந்த அடிப்படையில் பொறுப்பேற்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அந்த முறையை வன்னிக்கு அப்படியே கொண்டுவர எமக்கு விருப்பமில்லை. எமது சிறிய பாடசாலைகளின் அதிபர்களுக்குத் திறமை போதாமல் இல்லை, ஆள்தான் போதாமல் இருக்கிறது.

எமக்கு மிக நெருக்கமானது கொலம்பியா நாட்டின் மலைக்கிராமங்களில் 1970களில் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' முறையே. ஓரிரு ஆசிரியர்கள் எல்லாத் தரங்களையும் கற்பிக்கும் பாடசாலைகள் அவை. பிள்ளைகள் தாமாகவே படித்துச் செல்லக்கூடிய வழிகாட்டி ஏடுகள், தத்தம் வேகத்தில் முன்னேறும் வசதி ஆகியவற்றுடன், அயற்பாடசாலை ஆசிரியர்கள் ஒழுங்காகக் கூடித் தம் வகுப்புச் சிக்கல்களைப் பேசும் சிறு மையங்களும் அதன் பகுதியாக இருந்தன. ஆந்திராவின் ரிஷி வேலிக் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை வழிக் கற்பித்தலைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியதும், பின்னர் அது தமிழ்நாடெங்கும் பரவியதும் இதே வகையான கதை. ஒரு பாடசாலை இன்னொன்றின் வகுப்பறைக்குள் சென்று பார்த்தபோதுதான் அது நடந்தது. முழங்காவிலிலும் நெடுங்கேணியிலும் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் ஆசிரியைகள் ஆளுக்கொரு விதமாகத் தயாரித்து வைத்திருக்கும் பயிற்சி அட்டைகளை ஒன்றுசேர்த்தாலே, ஆண்டு முழுவதற்கும் போதுமான தொகுதி ஒன்று கிடைக்கும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். எங்கள் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. கைபேசியில் இணைய வகுப்பில் படிக்கிறேன். பின்தங்கிய மாவட்டம் என்பதால் குறைந்த புள்ளியுடனும் பல்கலைக்கழகம் போகலாம் என்று சொல்கிறார்களே?
– ஒரு மாணவன், பூநகரி

பதில்: தம்பி, பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. அந்த ஒதுக்கீடு உங்களுக்கு உரிமை, அதற்காக வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் அது மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவருக்கே பயன்படும். பௌதிகவியலில் சித்தி தவறினால் எந்த ஒதுக்கீடும் கைகொடுக்காது.

இணைய வகுப்பு கோட்பாட்டுக்கு உதவும், பரிசோதனைக்கு உதவாது. அமைப்புக் கட்டுரை வினாக்களில் வேணியர் இடுக்கி, நுண்மானித் திருகுக் கணிச்சி போன்ற நுண்ணளவுக் கருவிகளைக் கையில் எடுத்து அளந்தவர் எழுதும் விடைக்கும், படத்தில் மட்டும் கண்டவர் எழுதும் விடைக்கும் வேறுபாடு தெரியும். அயலிலுள்ள 1ஏபி பாடசாலையின் ஆய்வுகூடத்தில் சனிக்கிழமைகளில் உங்கள் வகுப்புக்கு இடம் கேட்குமாறு அதிபரிடம் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. உயர்தர மாணவருக்குப் பரிசோதனை வழிகாட்டல் தர முடியுமா என்று பல பாடசாலைகளின் அதிபர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுப் பீடாதிபதிக்கு எழுதினால், தனிப் பாடசாலையின் கடிதத்தை விட அதற்குக் கனதி இருக்கும்.

கேள்வி: பிள்ளைகள் இருபது முப்பது பேர் மட்டும் உள்ள பாடசாலைகளை மூடி, எல்லாரையும் ஒரு நல்ல பாடசாலையில் சேர்த்தால் இந்தக் கொத்தணித் தொல்லை எதற்கு?
– ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், நெடுங்கேணி

பதில்: வரைபடத்தில் பார்த்தால் உங்கள் யோசனை சரி. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள் நானூறுக்கும் குறைவு. பல சிறிய பாடசாலைகளை வைத்திருப்பது செலவுதான். ஆனால் உங்கள் ஊரிலேயே யோசியுங்கள்: காட்டோர வீதி, காலையில் யானை நிற்கும் வளைவு, ஐப்பசி கார்த்திகை மழையில் வாய்க்கால் பெருகும் பாலம். ஆறு வயதுப் பிள்ளை அந்த வழியில் எத்தனை நாள் போவார்? பாடசாலை தூரமானால் முதலில் நிற்பது வறிய வீட்டுப் பிள்ளை. அதிலும் காலபோக அறுவடைக் காலத்தில் வயலில் கைகொடுக்கும் வளர்ந்த பிள்ளை, பிறகு திரும்பி வருவதே இல்லை. 2016இல் கட்டாயக் கல்வி வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. பாடசாலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை எப்படி நிறைவேற்றுவது?

எமது கருத்து இதுதான்: ஆரம்ப வகுப்புகள், எத்தனை சிறியனவாக இருந்தாலும், ஊரில் இருக்கட்டும். தரம் 10, 11 மட்டும் ஐந்தாறு பிள்ளைகளுடன் நடக்கும் இடங்களில், பெற்றோரின் சம்மதத்துடனும் உறுதியான பேருந்து வசதியுடனும் அவற்றைக் கொத்தணியின் ஒரு பாடசாலையில் ஒன்றாக்கலாம். பேருந்து முதலில் வரவேண்டும், வகுப்பு பிறகு மாறவேண்டும். இந்த ஒழுங்கு தலைகீழானால் இடைவிலகல்தான் மிஞ்சும்.

கேள்வி: கனடாவில் வாழும் பழைய மாணவர்கள் நாம். எமது பாடசாலைக்கு நிறையச் செய்துவிட்டோம். கொத்தணிக்கு உதவுவதானால் பணத்தை யாரிடம், எதற்குக் கொடுப்பது?
– முள்ளியவளையைச் சேர்ந்த ஒருவர்

பதில்: கொத்தணிக்கென்று தனியான சட்டநிலையோ வங்கிக் கணக்கோ இல்லை, ஆகவே ஒரு பாடசாலையின் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கின் ஊடாகவே கொடுக்கவேண்டும். அந்தச் சங்கம் ஏனைய பாடசாலைகளின் அதிபர்களையும் அழைத்து, பணம் பொதுத் தேவைக்கானது என்று கூட்டக் குறிப்பில் எழுதட்டும். கட்டடத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் இனி வேண்டாம். சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் வாகனக் கூலி, அன்றைய மதிய உணவு, வினாத்தாள் பிரதியெடுக்கும் செலவு, பகிரப்படும் ஆசிரியரின் பயணச் செலவு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். இவற்றுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால் யாரும் முன்வருவதில்லை. ஒரே தடவையில் பெருந்தொகையை அனுப்பாமல், மூன்று ஆண்டுக்குத் தவணைதோறும் அனுப்புவதாக முதலிலேயே எழுதிக் கொடுங்கள். நேரசூசியை அதற்கேற்ப அதிபர்கள் அமைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் செலவுக் கணக்குடன், சனிக்கிழமை வகுப்பின் வரவு இடாப்புப் பிரதியையும் கேளுங்கள். உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வரவு மட்டும் நிறைந்திருந்து மற்றப் பாடசாலைகளின் பக்கம் வெறுமையாக இருந்தால், அடுத்த தவணைப் பணத்தை அனுப்புமுன் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள்.